வழக்கா? இணக்கமா?

வேலிச் சண்டை, பங்குக் கிணறு, வழி வாய்க்கால் என்பன எமது ஊர்களில் பரம்பரையாகத் தொடரும் பிணக்குகளாகும். கதியால் ஒரு முழம் அரக்கப்பட்டதென்று தகப்பன் தொடங்கிய வழக்கு மகன் காலத்திலும் முடியாதிருப்பதுண்டு. வென்றவருக்குக் காணி கிடைக்கும், அயல் கிடைக்காது.

1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகளில் சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை. சபை தீர்ப்பும் வழங்காது. இரு திறத்தாரும் தாமே பேசி இணங்க வேண்டும். இணங்காவிடின் அதற்குரிய சான்றிதழைப் பெற்று நீதிமன்றம் செல்லலாம். ஊரறிந்த நொத்தாரிசு ஒருவரும் பழைய உறுதிகளைப் பார்த்து இருவரையும் இணக்கி வைக்கலாம். ஆனால் காணி கைமாறுவதாயின் அவர் முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் உறுதி முடிக்கப்படல் வேண்டும்.

ஆயினும் விட்டுக்கொடுப்பது எப்பொழுதும் அறமாகுமா? ஆதரவற்ற பெண்ணொருத்தி, பெரியவர்கள் சொல்கிறார்களே என்று அஞ்சி ஒப்பமிட்டால் அது இணக்கமன்று, அச்சமே. வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்கிய பின்னரே ஒப்பம் பெற வேண்டுமென நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் விதிப்பதும் சம்மதம் உண்மையானதாக இருத்தல் வேண்டும் என்பதற்காகவே.

கந்தபுராணத்தில் முருகப்பெருமான் போருக்கு முன் வீரவாகு தேவரைத் தூதனுப்பினார். சமாதானம் நாடிய அத்தூது, தேவர்களைச் சிறைவிட வேண்டும் என்னும் நீதியைக் கைவிடவில்லை. எமது இணக்கங்களும் அவ்வாறே அமைதல் வேண்டும். மெலியவரின் பங்கு குறையாமல், அயலவர் முகம் பார்த்துப் பேசக்கூடியதாக முடியும் பிணக்கே உண்மையில் தீர்ந்த பிணக்காகும்.