யார் அடிக்கு யார் இசைவது?

திருமணத்தில் மணமக்கள் பலர் முன்னிலையில் செய்யும் செயல்கள் யாவும் ஒருவகை உறுதிமொழிகளே. நம் முறையில் கைப்பற்றுதலும் தீவலம் வருதலும் அத்தகையன. ஆங்கிலேயர் திருமண விருந்தில் அவ்விடத்தைப் பெறுவது மணமக்களின் முதல் நடனம். விருந்தினர் ஒதுங்கி நிற்க, நடுத்தளத்தில் இருவர் மட்டும் கைகோத்து ஆடுவர். பிறகே மற்றவர்கள் சேர்ந்துகொள்வர். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் விடுதி மண்டபங்களில் நடைபெறும் நம்மவர் விருந்துகள் சிலவற்றிலும் இவ்வழக்கம் புகுந்துவிட்டது. அது நமக்குத் தகுமா என்னும் வழக்கை ஈண்டு எடுக்கவில்லை. எந்த நடனத்தை ஆடுவது என்று மணமக்கள் தேரும்போது அத்தேர்வினுள் ஓர் அறவினா மறைந்து கிடக்கிறது. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

வால்ட்ஸ் மூன்றெண்ணித் தாளம் உடையது. மெதுவான வால்ட்ஸில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 30 தாளவட்டங்கள். வியன்னா வால்ட்ஸில் ஏறத்தாழ 60. பெயர் ஒன்றே ஆயினும் முன்னது உலாவல், பின்னது சுழற்காற்று. 1914ஆம் ஆண்டளவில் நியூயார்க்கில் பரவிய ஃபாக்ஸ்டிராட் நான்கெண்ணித் தாளத்தது. பார்ப்பவர்க்கு வெறும் நடையாகத் தோன்றிக் கற்பவரை மிகவும் வருத்துவது. டேங்கோவோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவெனஸ் அயர்ஸ், மான்டிவிடியோ ஆகிய துறைமுக நகரங்களில் எளிய மக்களிடையே உருவானது.

இவற்றுள் சில பிறந்தபோது பழியையே பெற்றன. 1816இல் இங்கிலாந்து அரசவை நடன விழாவில் வால்ட்ஸ் இடம்பெற்றபோது, இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் அதனை நாணமற்ற அந்நிய ஆட்டமெனக் கடிந்து எழுதியது. 1913இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், சீருடை அணிந்த படை அதிகாரிகள் டேங்கோ ஆடுவதைத் தடை செய்தார். இன்று வால்ட்ஸைக் கண்டு பாட்டியரும் முகம் சுளிப்பதில்லை. டேங்கோவை 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே, விருந்தினர் கண்ணுக்கு எது கண்ணியமாகத் தோன்றும் என்று மட்டும் பார்த்துத் தேர்பவர், காலந்தோறும் நீண்டு குறுகும் அளவுகோலைக் கையில் எடுக்கிறார்.

உண்மையான வினா வேறிடத்தில் உள்ளது. மணமகள் சிறுவயது முதல் ஆடிப் பழகியவள். மணமகனோ நாலுபேர் பார்த்தாலே கால் பின்னிக்கொள்ளும் இயல்பினன் என்று கொள்வோம். அவள் விரும்புவது வியன்னா வால்ட்ஸ். நிமிடத்திற்கு 180 எண்ணிக்கை ஓடும் அச்சுழற்சியில் அவன் தடுமாறுவது உறுதி. அவளுக்காக அவன் அந்த நாணத்தைத் தாங்க வேண்டுமா? அவனுக்காக அவள் தன் கலையை மறைக்க வேண்டுமா?

விட்டுக்கொடுத்தலே பண்பு என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். ஆனால் விட்டுக்கொடுத்தல் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. அவள் வாய் திறவாமல் இணங்கிவிட்டு, அதனை உள்ளத்தில் கடனாக எழுதி வைப்பாளாயின், தான் கடன்பட்டதே அவனுக்குத் தெரியாது. பத்து ஆண்டு கழித்து வேறொரு சண்டையில் அந்தக் கணக்கு வெளிவரும்போது அவன் திகைப்பான். அவன் திகைப்பிலும் நியாயம் உண்டு.

ஆட்டத்தின் அமைப்பையே நோக்கினால் ஒரு வழி புலப்படுகிறது. மரபுப்படி ஆண் நடத்துவான், பெண் தொடர்வாள். (இரு பங்கையும் இருவருக்கும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்று உண்டு, அது நல்லதே.) அவள் பல அடிகளைப் பின்னோக்கி வைக்கிறாள், செல்லும் திசையைக் காண்பதில்லை. தள்ளுவதும் இழுப்பதும் நடத்துதல் ஆகா. தன் உடலின் அசைவால் திசையை உணர்த்தி, அவள் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறியதை உணர்ந்த பின்னரே அவன் அடுத்த அடியைத் தொடங்க வேண்டும். அர்ஜென்டினா டேங்கோவில் இது இன்னும் தெளிவு. அங்கே முன்வகுத்த அடிவரிசை இல்லை. ஒருவர் அழைப்பார், மற்றவர் தம் அடியை முடிக்கும்வரை காத்திருப்பார். ஆட்சி போலத் தோன்றுவதில் பெரும்பகுதி செவிகொடுத்தலாகவே இருக்கிறது.

எனவே, வேகத்தை வகுக்கும் உரிமை தளர்ந்த காலுக்கே உரியது என்பேன். ஆனால் நடக்கவே மறுப்பதற்கு அவ்வுரிமை இடம் தராது. மெதுவான வால்ட்ஸின் சதுர அடி, ஆறே அடிகளால் ஆனது. இரண்டு தாளவட்டங்களில் முடிந்துவிடும். அதன் வடிவத்தை ஒரு மாலையில் கற்கலாம். சில வாரப் பயிற்சியில் அச்சமும் குறையும். அதனையும் கல்லாமல், "எனக்கு வராது" என்று பாட்டு முடியும்வரை நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருப்பவனிடம் நான் அடக்கத்தைக் காணவில்லை, சோம்பலையே காண்கிறேன். மறுபுறம், ஒளிப்படக் கருவிக்காக அவனை மாதக்கணக்கில் வாட்டிக் கடினமான அடிகளை மனப்பாடம் செய்விப்பதும் தவறே. அன்றிரவு அவன் அவள் முகத்தைப் பாரான், எண்ணிக்கொண்டிருப்பான்.

கால் அறவே இயங்காதவர் நிலை என்ன என்று கேட்கலாம். சக்கர நாற்காலியில் அமர்ந்தவரும் நின்று ஆடுபவரும் இணையும் நடனப் போட்டிகள் உலக அளவில் நடைபெறுகின்றன. வால்ட்ஸும் டேங்கோவும் அவற்றில் உண்டு.

பாட்டைப் பற்றியும் ஒரு சொல். பலர் பிடித்த பாட்டை முதலில் தேர்ந்துகொண்டு, நடனத்தைப் பிறகு தேடுகின்றனர். பாட்டு நான்கெண்ணித் தாளத்தில் அமைந்திருந்தால் வால்ட்ஸ் அடி அதில் பொருந்தாது. பாட்டை மாற்றுவதா, ஆட்டத்தை மாற்றுவதா என்ற பேச்சு அப்போது எழும். அப்பேச்சை விருந்துக்கு முந்திய வாரம்வரை தள்ளிப்போடாதிருப்பது இருவருக்கும் நலம்.