கையை உயர்த்த இடங்கொடுக்கும் தையல்



இந்த மாதச் செய்தி ஜாக்கெட் தைப்பதைப் பற்றியது. "என்ன பாஸ்டர், தையலுக்கெல்லாம் ஒரு பிரசங்கமா?"ன்னு சில சகோதரர்கள் சிரிக்கலாம். சிரிச்சுட்டு யாத்திராகமம் 28-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். ஆரோனுடைய அங்கியைத் தைக்கச் சொல்லும்போது, தலை நுழையும் துவாரத்தைச் சுற்றிக் கிழியாதபடி ஒரு கரை வைக்கும்படி கர்த்தர் மோசேக்குச் சொல்லுகிறார். 32-ம் வசனம். நம்ம டெய்லர்கள் கழுத்துப்பட்டி என்று சொல்லுவதுதான் அது. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் கழுத்துப்பட்டியைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறார்! அல்லேலூயா!

நம்முடைய சபையில் ஒரு சகோதரி உண்டு. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், பேர் வேண்டாம். பெரிய வீடுகளில் வேலை செய்து பிழைக்கிறவர். அந்த வீட்டு ஆச்சிமார் அன்பாகக் கொடுக்கிற ஜாக்கெட்டுகளைத்தான் போட்டுக்கொள்ளுவார். கொடுத்தவர்கள் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அது வேறொருவர் உடம்புக்குத் தைத்தது. தோள் இறங்கும், கை பிடிக்கும், அக்குளில் பிரிந்த இடத்தில் ஊக்குப் போட்டிருக்கும். ஆராதனையில் எல்லாரும் கையை உயர்த்தித் துதிக்கிற நேரத்தில் இந்தச் சகோதரி மட்டும் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு ஆவியில் அனல் இல்லை என்று ஒன்றிரண்டு பேர் என்னிடத்திலேயே வந்து சொன்னார்கள். அதை வீட்டில் பேசினபோது என் மனைவி சொன்ன பதில்: "அனல் இல்லாம இல்லீங்க, அக்குள்ல துணி இல்ல."

என் மனைவி தைக்கத் தெரிந்தவள். அடுத்த வாரமே அந்தச் சகோதரியை வீட்டுக்கு அழைத்து, டேப்பை எடுத்தாள். இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். நம்ம ஊர்ப் பக்கம் டெய்லரிடத்தில் போனால் முதல் கேள்வியே "அளவு ஜாக்கெட் கொண்டு வந்தீங்களா?" என்பதுதான். அந்த அளவு ஜாக்கெட் ஏற்கெனவே துவைத்துத் துவைத்துச் சுருங்கினது, இரண்டு தரம் பிரித்துத் தைத்தது. அதை வைத்து ஒன்று, அந்த ஒன்றை வைத்து இன்னொன்று என்று போனால், முதல் ஜாக்கெட்டின் குறை பத்தாவது ஜாக்கெட்டிலும் வந்து உட்காரும். உடம்பு ஒரு பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகையால் உடம்பிலிருந்தே அளவு எடுக்க வேண்டும். தோள், மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, உயரம், கை நீளம், கைச் சுற்றளவு, முன் கழுத்து, பின் கழுத்து. அந்த அளவைக் காகிதத்தில் வரைந்து, வெட்டி, அந்தக் காகித மாதிரியைத் துணிமேல் வைத்து வெட்ட வேண்டும். ஆசரிப்புக்கூடாரம் செய்யும் முன்னே மோசேக்கு மலையின்மேல் மாதிரி காண்பிக்கப்பட்டது அல்லவா? மாதிரி முதலில், கத்தரிக்கோல் பிறகு.

கை உயராத ஜாக்கெட்டுக்கு என்ன செய்யலாம்? அநேகர் நினைக்கிறது, கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டிவிட்டால் தாராளமாக இருக்கும் என்று. அது தப்பு. கைக்குழி இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுவதும் கையோடு மேலே ஏறும். கைக்குழி அக்குளுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும், கையின் மேல்பாகம் அகலமாக இருக்க வேண்டும். கையின் மேல் வளைவை உயரமாக வெட்டினால், கையைத் தொங்கவிடும்போது சுருக்கமே இல்லாமல் அழகாக நிற்கும், தூக்கினால் பிடிக்கும். வளைவைக் கொஞ்சம் தாழ்த்தினால் அக்குள் பக்கம் இரண்டு சுருக்கம் விழும், ஆனால் கை தாராளமாய் எழும்பும். கடைக் கண்ணாடிக்கு முன்னால் அழகு பார்க்கிறவர்களுக்கு முந்தினது. துதிக்கிறவர்களுக்கும், குனிந்து நிமிர்ந்து தண்ணீர்க் குடம் தூக்குகிறவர்களுக்கும் பிந்தினதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். இந்த ஒரு விஷயத்தில் என் மனைவிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடில்லை!

இன்னொன்று, பருத்தித் துணியையும் லைனிங்கையும் வெட்டும் முன்னே தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விடுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் ஒன்று சுருங்கும், மற்றொன்று சுருங்காது, தையல் கோணலாகிப் போகும். பக்கவாட்டில் உள்ளே ஓர் அங்குலமாவது துணி விட்டுத் தையுங்கள். அன்னாள் ராமாவில் இருந்தாள், பிள்ளை சாமுவேல் சீலோவில் இருந்தான். வருஷத்துக்கு ஒருதரம் போகிறபோது சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள் என்று 1 சாமுவேல் 2-ம் அதிகாரத்தில் பார்க்கிறோம். பக்கத்தில் இல்லாத பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அந்தத் தாய் மனசிலேயே அளந்திருப்பாளே! உள்ளே துணி விடாமல் தைத்திருப்பாளா?

மேலாடை ஒரு சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். அன்றைக்கு அது திருவிதாங்கூர் ராஜ்யம். நாடார் பெண்களும் மற்றும் தாழ்த்தப்பட்டிருந்த ஜாதிப் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்று வழக்கம் இருந்தது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா மால்ட் அம்மா, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தி, எழுத்தோடு ஊசி வேலையும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள். விசுவாசிகளான பெண்கள் குப்பாயம் என்கிற தளர்ந்த ஜாக்கெட்டைப் போட்டார்கள். அதற்குமேல் தோள்சீலையும் போட்டபோது சந்தையிலும் தெருவிலும் அதைக் கிழித்தார்கள். ஜெபவீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். 1829-ல் வந்த ராஜ உத்தரவு குப்பாயத்துக்கு இடங்கொடுத்து, தோள்சீலையைத் தடுத்தது. கடைசியில் 1859 ஜூலை 26-ம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனத்தில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமை கிடைத்தது. அப்போதும் மேல்ஜாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். போராடினவர்களில் கிறிஸ்தவர்கள் அல்லாத சகோதரிகளும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஜாக்கெட்டுக்காக அடிபட்டார்கள், பிரியமானவர்களே. இன்றைக்கு நம்ம சபையில் ஒரு சகோதரி ஊக்குப் போட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறதைப் பார்த்து நாம் சும்மா இருக்கலாமா?

யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது விதவைகள் பேதுருவைச் சுற்றி நின்று அழுதார்கள். தொற்காள் செய்த பிரசங்கம் எதையும் அவர்கள் சொல்லவில்லை. அவள் உயிரோடிருக்கையில் தைத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பித்தார்கள். அப்போஸ்தலர் 9:39. பழைய துணியைக் கட்டிக் கொடுக்கிறது ஒரு ஈகைதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இன்னொருத்தியின் தோளை அளந்து அவளுக்கென்று வெட்டித் தைக்கிறது வேறே காரியம்.

நம்ம சபையிலேயே தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மிஷின் வாங்கின விதவைகள் இருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் மிஷின்மேல் மடித்த துணி அடுக்கியிருக்கிறது. "ஓட்டத் தெரியும் பாஸ்டர், வெட்டத் தெரியாது"ன்னு சொல்றாங்க. உண்மைதான். எந்தக் கடையிலும் முதலாளி தையலை ஆளிடம் விடுவார், கட்டிங்கை விடமாட்டார். பிழைப்பு கத்தரிக்கோலில்தான் இருக்கிறது. லைனிங் ஜாக்கெட் தைக்கிற கூலி பல இடங்களில் துணி விலையைவிட அதிகமாகிவிட்ட இந்நாளில், வெட்டத் தெரிந்த விதவை தன் பிள்ளைகளோடு கைநீட்டாமல் சாப்பிடுவாள்.

ஆகையால் வருகிற சனிக்கிழமை முதல், மத்தியானம் 3 மணிக்கு, ஜெபவீட்டில் பாஸ்டரம்மா கட்டிங் சொல்லிக்கொடுப்பார்கள். மேலே எழுதின சகோதரியும் உதவிக்கு இருப்பார். கட்டணம் இல்லை. மிஷின் இல்லாதவர்களும் வரலாம், பிற மதத்துச் சகோதரிகளும் வரலாம். முதல் மூன்று வாரம் துணியே கிடையாது, காகிதம் மட்டும்தான். பழைய செய்தித்தாள், இஞ்ச் டேப், ஸ்கேல், பென்சில் கொண்டுவாருங்கள். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டினால் மழுங்கிப்போகும். அதனால் வீட்டில் கிடக்கிற பழைய கத்தரிக்கோல் ஒன்றைத் தனியாக எடுத்து வாருங்கள்.