‘பிளைமி’: உருமறைந்த ஓர் ஆணை

லண்டன் மாநகரின் உழைக்கும் மக்களிடையே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழங்கி, இன்று பழமை தட்டிப்போன ‘பிளைமி’ என்னும் ஆங்கிலக் கொச்சைச் சொல் வெறும் வியப்பொலியாகவே கேட்போர் செவியில் விழுகிறது. ஆயினும் அதன் மூலம், தன் சொல் பொய்யானால் கடவுள் தன் கண்களைக் குருடாக்கட்டும் என்று பேசுவோன் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் சாபமாகும். இதன் இணைவடிவமான ‘கோர்பிளைமி’யில் கடவுளின் பெயர் ‘கோர்’ எனத் திரிந்தேனும் நிற்க, ‘பிளைமி’யில் அத்திரிபும் இல்லை.

கடவுளின் பெயரை வீணாக வழங்கலாகாது என்னும் விவிலியக் கட்டளைக்கு அஞ்சி, ஆணைமொழியின் ஒலியை வேண்டுமென்றே குலைத்துச் சொல்லும் இவ்வகைச் சொற்களைச் ‘சிதைத்த ஆணைகள்’ எனலாம். கிறிஸ்துவின் காயங்கள் மீது இடும் ஆணையிலிருந்து பிறந்த ‘சவுண்ட்ஸ்’ என்பதும் அத்தகையதே. நாடக மேடையில் இறைப்பெயரை விளையாட்டாக உச்சரிப்போருக்குப் பத்துப் பவுண்டு தண்டம் விதித்த 1606ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், சிதைத்த சொல்லும் ஐயத்திற்கு உள்ளானது. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தின் 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் காணப்படும் ‘சவுண்ட்ஸ்’, 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் நீக்கப்பட்டிருக்கிறது.

இங்கு எழும் வினா, குற்றம் ஒலியில் உள்ளதா, உள்ளத்தில் உள்ளதா என்பதே. வானம் இறைவனின் அரியணை, பூமி அவருடைய பாதபடி, ஆதலால் அவற்றின் மீதும் ஆணையிடலாகாது என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு போதிப்பதை நோக்கினால், பெயரை மாற்றுவதால் ஆணை மாறிவிடுவதில்லை என்பது புலப்படும். மறுபுறம், மனம் குற்றப்பட்டாலன்றி நா குற்றப்படாது என்று பொய்யாணை குறித்துக் கூறிய புனித அகுஸ்தீனின் கருத்தைக் கொண்டால், மூலப்பொருளையே அறியாமல் ‘பிளைமி’ என்பவன் எவரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை, ஆகவே அவன் மீது பழி இல்லை.

எனினும் இவ்விரு நோக்குகளும் ஒரே சொல்லின் வெவ்வேறு பருவங்களுக்குப் பொருந்துவன. முழுப்பெயருக்கு அஞ்சியவனே அதைச் சிதைத்தான். ஆகவே சிதைவே அவன் அச்சத்திற்குச் சான்றாக, முதல் நோக்கு அவனைப் பற்றியது. முதல் உலகப் போரில் பிரித்தானியப் படைவீரரின் தொளதொளத்த தொப்பிக்குக் ‘கோர்பிளைமி’ என்று பெயரிட்டவர்களிடம் அந்த அச்சம் எஞ்சியிருக்கவில்லை. எனவே இரண்டாம் நோக்கின்படி அவர்கள் குற்றமற்றவர்கள், ஆயினும் அக்குற்றமின்மை பக்தியால் வந்ததன்று, மறதியால் வந்தது.