ஃபீஸ் ஒரு கணக்கு, பாசம் ஒரு கணக்கு

 

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் போளூர். கொடைக்கானல்ல பஸ் ஏறி, பூம்பாறை, மன்னவனூர் தாண்டி மேல்மலைக்குள்ள வரணும். வழக்கம்போல பூம்பாறையில இறங்கி குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அன்னைக்கு சாயங்காலம் எங்க தெருப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. நல்ல மார்க். காலேஜ் சேரணும். அவங்க அப்பா அம்மா கோர்ட் மூலமா பிரிஞ்சு சில வருஷம் ஆச்சு. அப்பா கீழ்நாட்டுல வேற குடும்பத்தோட இருக்கார். "ஃபீஸ் முழுசும் நான் கட்டுறேன்"னு சொல்லி அனுப்பியிருக்கார். அம்மா, "அந்தாள் காசு ஒரு பைசா வேண்டாம்"ங்கிறாங்க. பொண்ணு என்கிட்ட கேட்டது இதுதான்: "அண்ணே, நீங்களும் உங்க அப்பாகிட்ட வாங்கலைதானே? வாங்காம இருக்கிறதுதானே மானம்?"

எனக்கு உடனே பதில் வரலை. அப்புறம் யோசிச்சதைத்தான் இங்க எழுதுறேன். இந்த நிலைமையில இருக்கிற வேற ஒரு வீட்டுக்கும் உதவலாம்.

ஆமா, நான் வாங்கலை. எனக்கு 17 வயசுல எங்க அப்பா காலேஜ் ஃபீஸ் குடுக்க வந்தார். அஞ்சு வருஷமா வராத மனுஷன் இப்ப மட்டும் ஏன் வரணும்னு கோபம். "வேண்டாம்"னு முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போய் எஜுகேஷன் லோன் போட்டேன். அதுல பெத்தவங்க கூட்டுக் கடன்தாரரா கையெழுத்துப் போடணும். அம்மா போட்டாங்க. ஊரே "பையனுக்கு ரோஷம்"னு பாராட்டுச்சு.

லோன்ல எழுதாத செலவு நிறைய இருந்துச்சு. ஹாஸ்டல் டெபாசிட், மெஸ் பில், லேப்டாப். அதுக்கெல்லாம் அம்மா நாலு வருஷம் பூண்டுக் காட்டுல குனிஞ்சாங்க. வடுகபட்டி சந்தையில பூண்டு விலை விழுந்த வருஷம் கம்மலை அடகு வெச்சாங்க. வேலை கிடைச்சு நான் கடனை அடைச்சது உண்மைதான். ஆனா அந்த நாலு வருஷம் என் ரோஷத்துக்கு விலை குடுத்தது நான் இல்லை, அம்மா. இது எனக்குப் புரியவே பல வருஷம் ஆச்சு.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், ஜீவனாம்சம்ங்கிறதுக்குள்ள சாப்பாடு, துணி, வீடு, வைத்தியத்தோட படிப்பையும் சேர்த்தே சொல்லுது. அதே சட்டத்தோட 20ஆம் பிரிவுப்படி, கல்யாணம் ஆகாம, சொந்தச் சம்பாத்தியத்துல வாழ முடியாத மகளுக்கு 18 வயசு தாண்டியும் அந்த உரிமை உண்டு. அப்பாவுக்கு மட்டும் இல்லை, அம்மாவுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

பையனுக்கு அப்படி எழுதலை. 18ஓட முடியுது. காலேஜ் தொடங்குற வயசுல சட்டம் கையை விட்டுடுது. ஆனா 2021ல ஒரு வழக்குல டெல்லி உயர் நீதிமன்றம், பையனுக்கு 18 ஆயிட்டதால அப்பா பொறுப்பு தீர்ந்துடாது, முழுச் சுமையையும் அம்மா தலையில ஏத்தக்கூடாதுன்னு சொல்லி, பையன் டிகிரி முடிக்கிற வரைக்கும் இல்ல சம்பாதிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் மாசம் 15,000 ரூபாய் அம்மாகிட்ட குடுக்கச் சொல்லுச்சு.

நம்ம பொண்ணு கேட்ட கேள்விக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற வழக்கு உச்ச நீதிமன்றத்துல வந்தது. 26 வருஷமா பிரிஞ்சு இருந்த தம்பதி. மகள் அயர்லாந்துல படிச்சுட்டிருந்தாங்க. அப்பா அவங்க படிப்புக்கு 43 லட்சம் குடுத்தார். மகள், "எனக்கு வேண்டாம், திருப்பி எடுத்துக்கோங்க"ன்னாங்க. அவர் வாங்க மாட்டேன்னார். 2025 ஜனவரி 2ல நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான் அமர்வு சொன்னதோட சாரம் இது: படிப்புச் செலவைப் பெத்தவங்ககிட்ட வாங்குறது மகளோட சட்டபூர்வமான உரிமை. அந்தப் பணத்தை அவங்க வெச்சுக்கலாம்.

அந்த மகளோட கோபத்தை என்னால குறை சொல்ல முடியாது. எனக்கும் அதே கோபம்தான். ஆனா கோர்ட் பயன்படுத்தின வார்த்தையைப் பாருங்க. பரிசுன்னு சொல்லலை, உதவின்னும் சொல்லலை. உரிமைன்னு சொல்லுச்சு. ஒருத்தர் நமக்குத் தர வேண்டியதைத் தந்தா அதை வாங்குறதுல என்ன அவமானம்?

இதுக்கு எதிர்க் கேள்வியும் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல, பிரிஞ்ச பெத்தவங்களைக் காலேஜ் செலவு கட்டச் சொல்லி கோர்ட் உத்தரவு போடலாம்னு 1993ல ஒரு சட்டம் போட்டாங்க. 1995ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. ஒண்ணா வாழ்ற பெத்தவங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாதப்போ, பிரிஞ்சவங்களை மட்டும் கட்டாயப்படுத்துறது சமத்துவம் இல்லைங்கிறது காரணம். கேட்க நியாயமாத்தான் தெரியுது.

ஆனா எனக்கு ஒப்பலை. ஒண்ணா இருக்கிற வீட்டுல பிள்ளை கோர்ட்டுக்குப் போக வேண்டிய அவசியமே வராது. ராத்திரி சாப்பிடும்போது "அப்பா, ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி"ன்னு சொன்னா போதும். திட்டிக்கிட்டாவது கட்டுவார். பிரிஞ்ச வீட்டுல அந்தச் சாப்பாட்டு நேரம் இல்லை. பிள்ளையோட தேவை கண்ணுல படாது. அந்த நேரத்துக்குப் பதிலாத்தான் சட்டம் வருது. புருஷன் பொண்டாட்டி உறவை கோர்ட் முறிக்கலாம். அப்பா பிள்ளை உறவுக்கு டைவர்ஸ் பேப்பரே கிடையாது.

பழனிக் கதை நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். ஞானப்பழம் ஒண்ணு, பிள்ளைகள் ரெண்டு. பழம் அண்ணனுக்குப் போச்சு. சின்னவர் கோவிச்சுக்கிட்டு மலையேறிட்டார். நாம பழத்தோட கதையை நிறுத்திடுறோம். அதுக்கப்புறம் அம்மையப்பர் அவரைத் தேடி வந்தாங்க பாருங்க, எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. பழம் யாருக்குங்கிறது நியாயக் கணக்கு. தேடி வந்தது பாசக் கணக்கு. பழத்தைக் குடுத்துட்டா தேடி வர வேண்டாம்னு இல்லை. தேடி வந்துட்டதால பழத்துக் கணக்கு தீர்ந்துடுச்சுன்னும் இல்லை.

நம்ம வீடுகள்ல இந்த ரெண்டு கணக்கையும் ஒரே நோட்டுல எழுதுறோம். அப்பா, "ஃபீஸ் கட்டுறேனே, இன்னும் என்ன"ங்கிறார். அம்மா, "அவர் காசை வாங்கினா அவர் பக்கம் சாஞ்ச மாதிரி"ங்கிறாங்க. பிள்ளை, "வாங்கினா மன்னிச்சதா ஆயிடும்"னு பயப்படுது. மூணுமே தப்புன்னு நான் நினைக்கிறேன்.

பிரிஞ்சு இருக்கிற அப்பாக்களுக்கு: பணத்தை நிபந்தனை இல்லாம கட்டுங்க. "நான் சொல்ற கோர்ஸ்தான்", "மாசம் ஒரு தடவை என் வீட்டுக்கு வரணும்"னு சேர்த்தா அது வியாபாரம். ரெண்டாவது குடும்பம் வந்ததால முதல் பிள்ளைக்கான கடன் அழியாது. கையில இல்லைன்னா, இவ்வளவுதான் முடியும்னு நேரா சொல்லிடுங்க.

அம்மாக்களுக்கு: உங்க காயம் உண்மை. ஆனா இந்தப் பணம் உங்களுக்கு வர்றது இல்லை, பிள்ளைக்கு வர்றது.

பிள்ளைகளுக்கு: ஃபீஸை வாங்கிக்கோங்க. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் அப்புறமும் உங்க கையிலதான் இருக்கு. மானத்துக்காக மறுக்கிறதா இருந்தா, அதுக்கு யார் விலை குடுக்கப் போறாங்கன்னு முதல்ல பாருங்க. நீங்களே குடுக்க முடிஞ்சா அது மானம். அம்மா முதுகுல ஏறுதுன்னா அது வேற.

இதைத்தான் அந்தப் பொண்ணுகிட்ட மறுநாள் சொன்னேன். அப்பாவை நேரா காலேஜ் கணக்குல கட்டச் சொல்லு, ரசீது மட்டும் வாங்கிக்கோ, பேசணும்னு தோணும்போது பேசு, தோணலைன்னா விடுன்னு. அவங்க அம்மா உடனே ஒத்துக்கலை. ரெண்டு நாள் கழிச்சு, "காலேஜ் பேருக்கு கட்டட்டும், நம்ம வீட்டுக்கு வர வேண்டாம்"னாங்க. சரிதானே, அது அவங்க கணக்கு.

கிளம்புற அன்னைக்கு எங்க அம்மாகிட்டயும் கேட்டேன். "அன்னைக்கு நான் அப்பா பணத்தை வாங்கியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?" பூண்டு உரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "ஒரு வாரம் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் கம்மலாவது மிஞ்சியிருக்கும்."

அந்தக் கம்மலை மீட்க முடியாமலே போச்சு. புதுசு வாங்கித் தந்திருக்கேன். இன்னும் போட்டுக்கலை.

வேலும் மயிலும் துணை.