துயரைக் குறித்து வைத்தல் ஆர்த்தத் தியானம் ஆகுமா?

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது பழமொழி. இலேசான பக்கவாதம் கண்டு, ஐந்தாறு நாளில் மருத்துவமனையினின்று இல்லம் திரும்பியவரிடம் உற்றாரும் அண்டை வீட்டாரும் தவறாது கூறும் ஆறுதலும் இதுவே. வாய் கோணவில்லை, கை மீண்டும் எழுதுகிறது, நடை சீராகிவிட்டது. இனி என்ன குறை? இக்கேள்விக்கு அவரால் விடை கூற இயலுவதில்லை. குறையொன்றும் இல்லாதிருந்தும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. விரல் சற்று மரத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. ஜினாலயத்திற்குச் செல்லவும் மனம் எழுவதில்லை. இவ்வளவு நலம் பெற்றும் நன்றியில்லாமல் அழுகிறோமே என்று தம்மையே நொந்துகொள்கிறார். நோய் ஒன்று, அந்நோய்க்காக நாணுவது மற்றொன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். பக்கவாதத்தை மருத்துவர்கள் 'இலேசானது' என்று வகுப்பது ஓர் அளவுகோலைக் கொண்டு. விழிப்பு, பார்வை, முகத்தசை, கைகால்களின் வலிமை, தொடுவுணர்வு, பேச்சு முதலியவற்றைச் சோதித்து 0 முதல் 42 வரை மதிப்பெண் இடுவர். 3-க்கு மேற்படாதிருப்பின் இலேசானது என்பது பெருவழக்கு; 5 வரை அவ்வாறு கொள்வாரும் உளர். அந்த அளவுகோலில் துயருக்கு இடமில்லை, அச்சத்துக்கும் இல்லை. எனவே 'இலேசு' என்னும் சொல் உள்ளத்தைப் பற்றி எதுவும் கூறவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியவர்கள், பக்கவாதம் கண்டோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் காண்கிறது என்கின்றனர். பதற்ற நோய் நால்வர் அல்லது ஐவரில் ஒருவருக்கு. இலேசாகக் கண்டோரும் இதற்கு விலக்கல்லர். இன்னொன்றும் உண்டு. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மூளைவழிகள் பழுதுற்றால் துயரம் இல்லாமலேயே கண்ணீர் பெருகும். சிறு வேடிக்கைக்கும் அடக்கவொண்ணாச் சிரிப்பு எழும். அதனைக் கண்டு மனம் உடைந்துவிட்டார் என்று வீட்டார் கலங்குவதும், குழந்தையாகிவிட்டார் என்று நகைப்பதும் ஒன்றுபோலவே பிழை.

இவ்வாறு மறைந்து வருவதைக் கண்டுகொள்ளும் பொருட்டு மருத்துவர்கள் சிலர், நாள்தோறும் உறக்கம், மனநிலை, அச்சம் ஆகியவற்றைக் குறித்து வருமாறு சொல்கின்றனர். 2001-இல் அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த ஒன்பது வினாக்கள் கொண்ட படிவம் இன்று பரவலாக வழங்குகிறது. சென்ற இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இன்னவாறு இருந்தீர்கள் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை எண் இடுவது அது.

இவ்விடத்தேதான் நம் மரபில் பயின்றவருக்கு ஓர் ஐயம் பிறக்கிறது. நம் குடும்பங்கள் பெரும்பாலும் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கங்களில் வாழ்பவை. கோவில்பட்டிக் கரிசல் நாட்டில் நம்மவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர், பருத்தியும் மிளகாய் வற்றலும் கொள்முதல் செய்த கடையொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், இலேசான பக்கவாதம் கண்ட மூன்றாம் மாதத்தில் என்னிடம் கேட்டார்: "தம்பி, நோயையே நினைத்துக்கொண்டிருப்பது ஆர்த்தத் தியானம் என்று படித்தவன் நான். நாள்தோறும் துயரத்துக்கு எண் போட்டு எழுதச் சொல்கிறாரே மருத்துவர், அது இதில் சேராதா?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய வினா அன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் ஆர்த்தத் தியானத்தை நான்காக வகுக்கிறது: வேண்டாதது சேர்தல், வேண்டியது பிரிதல், வேதனை, நிதானம். வேதனை வந்துற்றபோது அது நீங்க வேண்டுமென்று மீண்டும் மீண்டும் அதிலேயே நினைவைச் செலுத்துதல் மூன்றாம் வகை. அதன் பயன் விலங்குகதி என்று உரைகள் கூறும். ஆனால் அடுத்த சூத்திரத்தையும் உடன் படித்தல் வேண்டும். இத்தியானம் விரதமில்லாதவருக்கும், அணுவிரதிக்கும், பிரமத்த நிலையிலுள்ள முனிவருக்குங்கூட உண்டாகும் என்கிறது அது. (நிதானம் மட்டும் முனிவருக்கு இல்லை.) துறந்தாருக்கும் வரக்கூடியதை இல்லறத்தார் தமக்கு வந்துவிட்டதே என்று வெட்கி மறைக்க வேண்டியதில்லை.

இனி, குறித்தலும் நினைந்துகொண்டே இருத்தலும் ஒன்றா? பெரியவரின் தொழிலிலேயே விடை இருந்தது. நாள்வழியில் பதிந்துவிட்ட செலவை வணிகன் இரவெல்லாம் நெஞ்சில் சுமப்பதில்லை. பதியாத செலவே உறக்கத்தைக் கெடுக்கும். எழுதி மூடிய துயரம் ஏட்டில் இருக்கிறது. எழுதாதது தலைக்குள் சுற்றுகிறது. கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டு தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் உண்டு. மானாவாரி வேளாண்மைக்கு உயிர் மழைக்கணக்கு. நம் நாட்டில் மழைமானியை நாள்தோறும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுதுவது முறை. பெய்யாத நாளிலும் எழுதுவர். எழுதுகிறவர் மழையை வரவழைப்பதும் இல்லை, வராததற்குத் தம்மைக் குற்றம் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஒரு நாள் தூற்றலைக் கண்டு எவரும் விதைப்பதில்லை. ஒரு நாள் வெயிலைக் கண்டு எவரும் நிலத்தைக் கைவிடுவதும் இல்லை. மனத்தின் கணக்கும் அத்தகையதே. ஒரு நாளின் 3 ஒன்றும் சொல்லாது. இரண்டு வாரத்து 3 பேசும்.

ஆயினும் பெரியவரின் ஐயத்தில் பாதி உண்மை உண்டு. அவர் குறிப்பேட்டோடு இரத்த அழுத்தமானியும் வைத்திருந்தார். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று தொடங்கியது, நாளைக்குப் பன்னிரண்டு முறையாயிற்று. எண் சற்று ஏறினால் அச்சம். அச்சத்தால் எண் மேலும் ஏறும். இது குறித்தல் அன்று. சூத்திரம் சொல்லும் ஆர்த்தமே. மருமகள் கருவியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "மாமா, காலையும் மாலையும் நானே எடுத்துத் தருகிறேன்" என்றார். பெரியவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் இசைந்தார். என் கருத்தில் அந்தப் பூட்டே நல்ல உரை. வரையறுத்த வேளையில் எழுதி மூடுவதற்கும் வரையறையின்றி அதிலேயே உழல்வதற்கும் இடையே அது நின்றது.

ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், வாழ்நாளெல்லாம் மனச்சோர்வோடு போராடியவர். 1783 ஜூன் 17 விடியுமுன் பக்கவாதம் கண்டு பேச்சிழந்தார். அப்போது அவருக்கு அகவை 73. அறிவு கெட்டதோ என்று சோதிக்க, அந்த இருளிலேயே இலத்தீன் செய்யுளில் ஒரு வேண்டுதலை இயற்றிப் பார்த்தார். செய்யுள் சிறப்பாக அமையவில்லை. சிறப்பாக அமையவில்லை என்பது தமக்கே விளங்கியதால் அறிவு கெடவில்லை என்று தேறினார். பிறகு அண்டை வீட்டாருக்குக் கடிதம் எழுதினார். கை வேறு எழுத்துகளை இட்டதையும் கவனித்துக்கொண்டார். சில வாரங்களில் பேச்சு திரும்பியது. அடுத்த ஆண்டு ஜூலை முதல் நவம்பர் வரை தம் நோயின் நாட்குறிப்பையும் இலத்தீனில் எழுதி வந்தார். 1784 டிசம்பரில் மறைந்தார். குறிப்பு அவர் உயிரைக் காக்கவில்லை. அஞ்சிய மனிதருக்கு நிற்க ஓர் இடம் தந்தது.

வினையின் பயன் இது, வாய்மூடி அனுபவிக்க வேண்டியதே என்று கூறும் நல்லோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உடல் வேதனை அசாதா வேதனீயத்தால் வருவது. ஆனால் சோகம், பயம், அரதி ஆகிய மூன்றையும் நம் ஆசிரியர்கள் வேதனீயத்தில் சேர்க்கவில்லை. மோகனீயத்தின் நோகஷாயங்களில் வைத்தனர். இன்றைய மருத்துவர் மனச்சோர்வு, பதற்றம், எதிலும் நாட்டமின்மை என்று மூன்றாகக் கூறுவதோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். உடல் தேறியபின்னும் துயர் ஏன் நீடிக்கிறது என்ற கேள்விக்கு, இரண்டும் வெவ்வேறு கணக்கு என்பதே நம் மரபின் விடை. வினை பயன் தருவதும் நிமித்தங்களைச் சார்ந்தே. அடைபட்ட நுண்ணிய இரத்தக் குழாய் ஒரு நிமித்தமாயின், மருந்தும் இன்சொல்லும் நிமித்தங்கள் ஆகாவோ? நான்கு தானங்களில் ஔடததானத்தை வைத்த மரபு, கொடுப்பதைப் புண்ணியம் என்றுவிட்டு, உண்பதைப் பொறுமையின்மை என்று கூறாது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். பக்கவாதம் கண்ட எல்லோருக்கும் மனச்சோர்வு மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் உடல் விரைவில் தேறுமோ என்று பிரிட்டனில் 3127 பேரிடம் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்டனர். ஃபுளுவாக்செட்டின் ஆறு மாதம் கொடுத்ததில் உடலின் செயல்திறன் கூடவில்லை, மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு சற்றுக் கூடியது. ஆகவே எல்லோர்க்கும் பொதுவாக அன்று, வேண்டியவரை அறிந்து கொடுப்பதே முறை. அறிவதற்குக் குறிப்பு வேண்டும்.

அச்சமும் முற்றிலும் பொய்யன்று. முன்பெல்லாம் சிறு தாக்குதல் கண்டவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் மூன்று மாதத்துள் மீண்டும் பக்கவாதம் கண்டனர். 21 நாடுகளில் உடனடிச் சிகிச்சை பெற்றோரைத் தொடர்ந்து நோக்கி 2016-இல் வெளியான கணக்கில் அது நூற்றுக்கு 3.7 ஆகக் குறைந்திருந்தது, ஓராண்டில் 5.1. "ஒன்றும் வராது" என்று வீட்டார் கூறும் உறுதியை நோயாளி நம்புவதில்லை. நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு ஓராண்டு வரை வரவில்லை, மாத்திரையும் இரத்த அழுத்தமும் நம் கையில் உள்ளன என்று கூறினால் நம்புகிறார். அபயதானம் உண்மையைக் கொண்டே கொடுக்கத்தக்கது.

இனி மிகத் தயங்கியே எழுத வேண்டிய ஒன்று. முதல் மாதத்தில் பெரியவர் ஒருநாள் உணவைத் தள்ளிவைத்து, "இனிப் போதும், சல்லேகனை ஏற்கிறேன்" என்றார். வீட்டார் செய்வதறியாது நின்றனர். மறுப்பது பாவமோ என்று அஞ்சினர். அஞ்ச வேண்டியதே இல்லை. இரத்தினகரண்டகத்தில் சமந்தபத்திரர் சல்லேகனைக்கு உரிய நிலைகளாக இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவற்றைக் கூறி, அவை தீர்வில்லாதவையாய் இருத்தல் வேண்டும் என்றார். நம் அருங்கலச்செப்பும் அவ்வழியே செல்கிறது. இலேசான பக்கவாதம் தீர்வில்லாத நோயன்று, மனச்சோர்வும் அன்று. அதற்கும் மேலாக, இறப்பை விரும்புதலே அவ்விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று. துயரத்தால் சாவை அவாவுகிறவர் அந்த அவாவினாலேயே சல்லேகனைக்குத் தகுதியிழக்கிறார். வியப்பு என்னவெனில், மேலே சொன்ன மருத்துவப் படிவத்தின் ஒன்பதாம் வினாவும் இதையே கேட்கிறது: இறந்தால் நல்லது என்ற எண்ணம் வந்ததா? வந்தது என்பதே விடையாயின், மற்ற எண்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும், தனியே விடலாகாது. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய தொலைபேசி மனநல உதவியின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பெரியவரின் மகன் அன்று மாலையே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். குறிப்பேடு தொடங்கியது அதன் பிறகே.

வீட்டார் செய்யும் தொண்டு வையாவிருத்தியம் எனும் அகத்தவத்தின் இல்லற வடிவம். கை பிடித்து நடத்துவதைத் தொண்டென்று ஒப்புகிறோம். அழுகிறவர் அருகில் அரைமணி அமர்வதைக் காலவிரயம் என்கிறோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் பணியாளரிடம், உறக்கமின்மையையும் அழுகையையும் வீட்டார் எடுத்துரைப்பது அரிது. குடும்பத்தின் மானம் போய்விடுமாம். இரத்த அழுத்தத்தில் போகாத மானம் இதில் மட்டும் எவ்வாறு போகும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பெரியவரின் ஏட்டில் நான்காவதாக ஒரு பத்தி உண்டு: 'இன்று எது உதவியது'. அதில் பெரும்பாலும் சிறு செய்திகளே. பேரனோடு கடலைமிட்டாய் வாங்கச் சென்றது. பிரதிக்கிரமணம் முழுவதும் சொல்லியது. மழை வந்து கரிசல் மணத்தது. ஆறாம் மாதத்தில் கழுகுமலைக்குச் சென்றோம். கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பாறையில் வரிசையாக அமர்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழ், அவற்றைச் செய்வித்தவர் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் உள்ளன. அவர்கள் என்ன துயரில் இருந்தனர் என்று கல்லில் இல்லை. விழுந்துவிடுவோமோ என்று பெரியவர் பாதியில் அமர்ந்துவிட்டார். நெடுநேரம் கழித்து எழுந்து ஏறினார். அன்றிரவு எழுதிய வரியை எனக்குக் காட்டினார். உறக்கம்: இனிமேல்தான் தெரியும். அச்சம்: 3. துயரம்: 0.