ஆசனமும் அந்தஸ்தும்

ஓடும் வண்டியில் ஆசனத்தை யாருக்கு விட்டுக்கொடுப்பது? இக்கேள்வி அற்பமானதென எண்ணற்க. 1955-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில், ரோஸா பார்க்ஸ் என்னும் கறுப்பின மாது, வெள்ளையருக்காக எழ மறுத்துக் கைதானார். அந்நகரின் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறாதிருந்து நீதி பெற்றனர். தோலைக் கண்டு எழச் செய்வது அடிமைத்தனமே என்று உலகம் உணர்ந்தது.

நம் நிலை யாது? ஒரு நாள் பஸ்ஸில் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறினார். கிராணியாகிய யான் துள்ளி எழுந்தேன். அவரோ திடகாத்திரர். எனக்குப் பின்னால், ஆயுளெல்லாம் பால்வெட்டித் தேய்ந்த நம் மூதாட்டி ஒருவர், கம்பியைப் பற்றித் தள்ளாடி நின்றிருந்தார். அவர் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதுவே என்னைச் சுட்டது.

அன்று யான் வணங்கியது பதவியை. என் செய்கைக்கு மரியாதை என்று பெயரிட்டேன். உண்மையில் அது அச்சமே. சிங்கப்பூரில் 1979-இல் அரசாங்கமே மரியாதை இயக்கம் தொடங்கிற்று. ஆயினும், அறிவிப்புப் பலகை நம்மை எழச் செய்யலாம். யாருக்காக எழுகிறோமென்பதை நம் நெஞ்சே அறியும்.

நண்பர்காள்! எழுமுன் உடையைப் பாராதீர். நிற்க இயலாத கால்களைப் பாரீர்.