முடியாத நகரத்துக்கு என்ன விலை?

இன்னும் உருவாகி முடியாத வீடியோ கேமை விற்பதும் வாங்குவதும் இன்று வாடிக்கையாகிவிட்டது. 2013 மார்ச்சில் ஸ்டீம் விற்பனைத் தளம் 'ஏர்லி ஆக்சஸ்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. விளையாட்டைப் பாதியிலேயே விலைக்குத் தரலாம். வாங்கியவர்கள் விளையாடிப் பார்த்துக் குறை நிறைகளைச் சொல்வார்கள். வருகிற பணத்தில் மீதி வேலை நடக்கும். நகரம் கட்டும் விளையாட்டுகள் பல இந்த வழியாகத்தான் வெளிவருகின்றன. அவற்றை அந்த நிலையிலேயே வாங்குவது தகுமா? சிக்கனமா, வீண்செலவா என்பதோடு இந்தக் கேள்வி முடிந்துவிடுவதில்லை. வாங்குபவர், விற்பவர், பின்னால் வாங்கப்போகிறவர் ஆகிய மூவரும் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

2024 ஏப்ரல் 26 அன்று வெளிவந்த 'மேனர் லார்ட்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். போலந்தைச் சேர்ந்த கிரெக் ஸ்டிச்சென் பெரும்பாலும் தனியாளாக, பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. இடைக்கால ஜெர்மானிய மண்ணில் ஓர் ஊரை எழுப்ப வேண்டும். காட்டில் வெட்டிய மரத்தை ஒற்றை எருது இழுத்து வந்து சேர்க்கும்வரை வீட்டு வேலை நடக்காது. வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பதா, காய்கறி போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். குளிர்காலத்துக்குள் விறகு சேர்த்தாக வேண்டும். இவ்வளவு நுணுக்கத்தோடு வந்த அந்த விளையாட்டில், வெளியான அன்று ஒரே ஒரு நிலப்படம்தான் இருந்தது. செய்ய வேண்டியவை இன்னும் நிறைய இருந்தன. விலை 40 டாலரை ஒட்டியது. முதல் நாளிலேயே 10 லட்சம் பிரதிகள் விற்றன.

அந்த 10 லட்சம் பேர் எதை வாங்கினார்கள்? ஏர்லி ஆக்சஸில் இரண்டு பொருள்கள் ஒரே விலைக்குள் கட்டித் தரப்படுகின்றன. ஒன்று, இன்று கையில் கிடைக்கும் விளையாட்டு. இன்னொன்று, நாளை அது எப்படி ஆகும் என்ற எதிர்பார்ப்பு. முதலாவதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டாவதைச் சோதிக்க வழியே இல்லை. இப்போதுள்ள நிலையில் விளையாட ஆர்வம் இல்லையென்றால் காத்திருங்கள் என்று ஸ்டீமே ஒவ்வொரு ஏர்லி ஆக்சஸ் பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறது. எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது, எவ்வளவு காலம் ஆகும், முழு வடிவம் எப்படி மாறுபடும், விலை கூடுமா என்ற கேள்விகளுக்கு விற்பவர் அங்கே பதில் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பதில் ஒப்பந்தம் ஆகாது.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுப்பவரின் நிலையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். இந்தியாவில் 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தக் கட்டடத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. முடிக்காவிட்டால் கேட்க ஓர் ஆணையம் இருக்கிறது. விளையாட்டு வாங்குபவருக்கு அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை. சட்டம் காவல் நிற்காத இடத்தில் நேர்மை ஒன்றுதான் காவல். அதனால் இங்கே விற்பவரின் சொல்லுக்குக் கனம் கூடுகிறது, குறையவில்லை.

நகரம் கட்டும் விளையாட்டில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு அந்த இரண்டு மணி நேரம் போதும். நகரம் கட்டுவதில் அந்த நேரத்துக்குள் முதல் தெருவும் நாலைந்து வீடுகளும்தான் எழுந்திருக்கும். மக்கள்தொகை பெருகும்போது சாலைகள் அடைத்துக்கொள்கின்றனவா, சந்தைக்குச் சரக்கு போய்ச் சேர்கிறதா, கணினி திணறுகிறதா, எல்லாம் கட்டிய பிறகு செய்ய ஏதாவது மிஞ்சுகிறதா என்பது இருபதாவது மணி நேரத்தில் தெரியவரும். குறை தெரியும்போது பணம் திரும்பும் வாசல் மூடியிருக்கும். போதாததற்கு, பெரிய அப்டேட் வரும்போது பழைய ஊரை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டிய நிலையும் வருவதுண்டு. வாங்குபவர் கொடுப்பது பணம் மட்டும் இல்லை. மாதக்கணக்கான மாலைப் பொழுதுகளும் அதில் போகின்றன.

சொன்ன சொல் நிறைவேறாத கதைகள் உண்டு. விண்வெளி நிலையம் கட்டும் 'ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9' விளையாட்டை டபுள் ஃபைன் நிறுவனம் 2013 அக்டோபரில் ஏர்லி ஆக்சஸில் கொண்டுவந்தது. நீளமான திட்டப்பட்டியல் ஒன்றும் கூடவே வந்தது. வருமானம் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. மறு ஆண்டே, பட்டியலில் இருந்த பலவற்றைக் கைவிட்டு, முழு வடிவத்தைக் குறிக்கும் 1.0 என்று எண்ணிட்டு வேலையை முடித்துக்கொண்டார்கள். நஷ்டத்தில் ஒரு வேலையை நிறுத்துவது குற்றமாகாது. ஆனால் நிறுத்தியதை 'முடிந்தது' என்று பெயரிட்டு விற்றபோது, அடுத்து வாங்க வருபவருக்குத் தெரிய வேண்டிய செய்தி மறைந்துவிட்டது. தவறு அங்கேதான் நேர்ந்தது.

மறுபக்கமும் உண்டு. கனடாவின் பாலிமார்ஃப் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 'ஃபவுண்டேஷன்' விளையாட்டை 2019 பிப்ரவரியில் முழுமையாகாமல் விற்கத் தொடங்கி, 2025 ஜனவரியில் நிறைவு செய்தது. ஆறு ஆண்டுகள்! அந்தக் காலம் முழுவதும் முன்னதாக வாங்கியவர்களின் பணமும் பொறுமையும் அந்த வேலைக்குத் துணை நின்றன. 'முழுமையாகாதது' என்ற முத்திரையே இல்லாமல் வந்த பெரிய விளையாட்டுகளோடு இதை வைத்துப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2' முழு விளையாட்டாகவே விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்த வேகத்தை அது எட்டவில்லை என்று உருவாக்கியவர்களே வெளியீட்டுக்கு முன்பு ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதன் முதல் கூடுதல் தொகுப்புகளில் ஒன்றுக்கு 2024இல் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 'இது பாதிதான்' என்று சொல்லி விற்பவர், பாதியை முழுசு என்று விற்பவரைவிட நேர்மையில் ஒருபடி மேல்.

வாங்கியவர்கள் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதும் விவாதத்துக்குரியது. 2024 ஜூலையில் மேனர் லார்ட்ஸை முன்வைத்தே இந்த விவாதம் எழுந்தது. ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் 1,70,000க்கும் அதிகமானோர் விளையாடிய இடத்தில் கூட்டம் வெகுவாகக் குறைந்ததைச் சுட்டி, உள்ளடக்கம் போதாமல் ஏர்லி ஆக்சஸுக்கு வருவதன் ஆபத்து இது என்றார் இன்னொரு நிறுவனத் தலைவர். விளையாட்டை வெளியிட்ட ஹூடட் ஹார்ஸின் தலைவர் டிம் பெண்டர் அதை மறுத்தார். வாங்கியவர்கள் விளையாடினார்கள், மகிழ்ந்தார்கள், வேறு வேலைக்குப் போனார்கள். அதில் என்ன கேடு என்பது அவர் வாதம். ஓயாமல் ஓடச் சொல்லும் எதிர்பார்ப்புதான் படைப்பவரை நசுக்குகிறது என்றார் அவர்.

பெண்டர் பக்கம் நியாயம் அதிகம். கொடுத்த காசுக்கு இன்று கிடைத்தது போதும் என்று வாங்கியவருக்கு, வாராவாரம் அப்டேட் கேட்கும் உரிமை கிடையாது. ஒரு மனிதரை இரவு பகலாக விரட்டும் சாட்டையை 40 டாலருக்கு யாரும் வாங்கிவிடவில்லை. ஆனால் அந்த வாதத்துக்கும் எல்லை உண்டு. வரப்போவதைக் காட்டி ஆசையூட்டி விற்றுவிட்டு, பிறகு 'இருந்ததைத்தானே வாங்கினீர்கள்' என்று சொல்ல முடியாது. நாளை வரும் என்று விளம்பரத்தில் எவ்வளவு காட்டினாரோ, அவ்வளவுக்கு விற்பவர் கடன்பட்டவர்.

எல்லாரும் முடியும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி வலுவானது. பெரிய முதலீட்டாளர் பின்னால் இல்லாத ஒருவரோ இருவரோ சேர்ந்து கட்டும் விளையாட்டுகள் பல பாதியிலேயே நின்றுபோகும். காத்திருப்பவர் பிற்பாடு முழுமையாக அனுபவிக்கும் விளையாட்டு, முன்னதாக வாங்கி இன்னல்பட்டவர்கள் தயவில் உருவானது. ஆனாலும் இதைக் காட்டி ஒருவரை வாங்கச் சொல்லி நெருக்குவது தவறு. கைச்செலவுக் காசைச் சேர்த்து ஆண்டுக்கு ஒரு விளையாட்டு வாங்கும் பள்ளி மாணவர், யாரோ ஒருவரின் தொழில் முயற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அவர் காத்திருப்பதில் எந்த வெட்கமும் இல்லை. கையில் தாராளமாக இருப்பவர், இது வளரட்டும் என்று விரும்பி வாங்கினால் அது ஆதரவு. ஆதரவாகக் கொடுத்ததை ஆதரவாகவே கருத வேண்டும். போனாலும் போகட்டும் என்று கொடுத்துவிட்டு, பிறகு கடன்காரரைப் போலக் கதவைத் தட்டக் கூடாது.

வாங்கியவருக்கு மேலும் ஒரு கடமை இருக்கிறது: உள்ளதை உள்ளபடி சொல்வது. என்ன இருக்கிறது, எது வேலை செய்யவில்லை, எந்தக் கட்டத்துக்கு மேல் ஊர் வளரவில்லை என்று எழுதும் நாலு வரி விமர்சனம், அடுத்து வாங்க நினைப்பவருக்கு விற்பனைப் பக்கம் தராத பாதுகாப்பைத் தரும். ஆசையில் குறையை மறைப்பதும், ஆத்திரத்தில் நல்லதை மறுப்பதும் அந்த மனிதருக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே வாங்கலாமா என்பதற்கு ஓர் அளவுகோல் சொல்ல முடியும். நாளையே வேலை நின்று, இனி ஒரு செங்கல்கூட ஏறாது என்றாலும், இப்போதுள்ள இந்த ஊர் இந்த விலைக்குத் தகுமா? தகும் என்றால் தாராளமாக வாங்கலாம். மேலே வருவதெல்லாம் லாபம். தகாது என்றால், எவ்வளவு அழகான திட்டப்பட்டியல் காட்டினாலும் காத்திருப்பதே முறை. விற்பவருக்கும் அளவுகோல் ஒன்றே: ஒரு பிரதிகூட விற்காவிட்டாலும் இந்த வேலையை எதுவரை கொண்டுபோக முடியும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், நிறுத்தும் நாள் வந்தால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இருவரும் இதைக் கடைப்பிடித்தால், முடியாத பொருளின் வியாபாரமும் நேர்மையான வியாபாரம்தான்.